மொட்டை மாடி, கத்திரி வெயில், ஓயாத காற்று: தொட்டியில் எதைத்தான் வளர்ப்பது?

ஐந்தாம் மாடி, சோழிங்கநல்லூர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில், மேற்கு ஓரமாக ஒரு பகுதியில் தோட்டம் போட்டுக்கொள்ளச் சங்கத்தில் அனுமதி கொடுத்தார்கள். பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தேன். எல்லாம் 12க்கு 12 அங்குலப் பைகள். தேங்காய்நார்த் தூள், மண்புழு உரம், கொஞ்சம் செம்மண் கலந்து நிரப்பினேன். தக்காளி, கத்தரி, வெண்டை, பச்சை மிளகாய், கொத்தமல்லி வைத்தேன்.

மார்ச் வரை தக்காளி தாராளமாகக் காய்த்தது. பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தோம். ஏப்ரல் கடைசியிலிருந்து நிலைமை தலைகீழ். பூக்கிறது, காம்போடு உதிர்ந்துவிடுகிறது. கத்தரி இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகுகிறது, நடுவில் பச்சையாகவே இருக்கிறது. வெண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தே வளர்கிறது. கொத்தமல்லி இரண்டு இலை விட்டதும் பூவுக்குப் போய்விட்டது. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் பதினொரு மணிக்கெல்லாம் செடிகள் தலையைத் தொங்கப் போட்டுவிடுகின்றன.

காற்று தனிக் கதை. மேற்கே கட்டடமே இல்லாத வெட்டவெளி. பைகள் கவிழ்கின்றன. நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் இழுத்துக் கட்டினேன். இரண்டாவது நாளே கண்ணி பிய்த்துக்கொண்டு படபடவென்று அடிக்க, கீழ்வீட்டில் புகார். அது கட்டியிருந்த நேரத்திலும் பின்வரிசைப் பைகள் விழத்தான் செய்தன. ஏன் என்று புரியவில்லை.

மழைக்காலம் வரை மூடிவைத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள் மனைவி. எனக்கு மனசில்லை. இந்த வெயிலிலும் காற்றிலும் தொட்டியில் எது நிற்கும்?


பச்சை வலை, மடிப்பாக்கம்:

சார், வேறு வழியே இல்லை. பாதி வெயிலை மறைக்கிற 50 சதவீத நிழல்வலையை மேலே கூரை மாதிரி போட்டுவிடுங்கள். நான் போட்ட பிறகு கீரை எல்லாம் அருமையாக வருகிறது.


திருவொற்றியூர் மாடி:

தம்பி, வெயிலைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்குப் பாதிக்கு மேல் காற்றின் வேலையாகத் தெரிகிறது. இலை ஓரம் மட்டும் கருகுவது, செடி ஒரு பக்கமாகவே சாய்வது, இரண்டு வேளை ஊற்றியும் பதினொரு மணிக்கு வாடுவது, மூன்றும் அதற்கான அடையாளம். மூட்டமான நாளிலும் காற்று இருந்தால் நிழலில் போட்ட புடவை காய்ந்துவிடும் அல்லவா, இலைக்கும் அதே கணக்குதான். வேர் உறிஞ்சுகிற வேகத்தைவிடக் காற்று இழுக்கிற வேகம் அதிகமானால், மண்ணில் ஈரம் இருக்கும்போதே செடி வாடும். இலையின் ஓரத்துக்குத்தான் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிறது, அதனால் ஓரம் முதலில் கருகும்.

நம் ஊரில் மே மாதக் காற்றுக்கு ஒரு நடைமுறை உண்டு. காலையில் மேற்கிலிருந்து வறண்ட காற்று. நடுப்பகல் வாக்கில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் அன்றைக்குச் செடி தப்பித்தது. மே கடைசியிலும் ஜூனிலும் மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் பிற்பகல் வரை தள்ளிப்போகும். அந்த நாட்களில்தான் செடி போகும். கத்திரி முடிந்துவிட்டது என்று நாம் மூச்சு விடும்போது இது நடக்கும். பிறகு ஆடிக்காற்று வேறு இருக்கிறது. ஆகவே உங்கள் முதல் செலவு மேற்குப் பக்கத்துக்கு.

தார்ப்பாய் வேண்டாம். காற்றை முழுசாக மறித்தால் அது மேலே ஏறி, மறுபக்கம் சுழன்று விழும். உங்கள் பின்வரிசைப் பைகள் கவிழ்ந்தது அதனால்தான். பாதிக் காற்றை உள்ளே விட்டு மீதியை உடைக்கிற மாதிரி இருக்க வேண்டும். மேலே கூரையாகப் போடச் சொன்னாரே, அந்த 50 சதவீத வலையையே நிமிர்த்திச் சுவராகக் கட்டுங்கள். மடிப்பாக்கத்து நண்பர் வீட்டைச் சுற்றி வீடுகள் இருக்கும், அவருக்குக் கூரை சரி. ஐந்தாம் மாடி வெட்டவெளியில் கூரையாகப் போட்டால் அது பாய்மரம்.

நான் கட்டியிருக்கும் விதத்தைச் சொல்கிறேன். தளத்தில் துளை போடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வீடு கட்டும் இடங்களில் காலி பெயின்ட் வாளி, 20 லிட்டர் அளவு, சும்மாவே கொடுப்பார்கள். அதில் சவுக்குக் கொம்பை நட்டு, ஜல்லியும் சிமென்ட்டும் போட்டு இறுக்கி, கொம்பைக் கைப்பிடிச் சுவரோடும் சேர்த்துக் கட்டிவிட்டேன். கொம்புக்குக் கொம்பு நாலடி இடைவெளி. வலையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் கயிற்றைக் கோத்துக்கொண்டு, அந்தக் கயிற்றைத்தான் கொம்பில் கட்ட வேண்டும். வலைக் கண்ணியில் நேராகக் கட்டினால் உங்கள் தார்ப்பாய்க்கு ஆன கதிதான். உயரம், தரையிலிருந்து ஆறடி போதும். செடி வலையை உரசாமல் ஓரடி தள்ளி இருக்கட்டும்.

முடிச்சு எல்லாம் ஒரே இழுப்பில் அவிழும்படி போடுங்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் வந்த அன்று எங்கள் தெருவில் தகரக் கூரையே பறந்தது. புயல் அறிவிப்பு வந்தால் முதல் வேலை வலையை அவிழ்த்துச் சுருட்டுவதுதான். கொம்பு நின்றால் நிற்கட்டும்.

அடுத்தது பையின் சூடு. சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், கையை வைக்க முடியாது. வேரில் முக்கால்வாசி பையின் உட்சுவரை ஒட்டித்தான் ஓடுகிறது. அந்தப் பக்கத்து வேர் வெந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் குடிக்க ஆளில்லை. 25 கிலோ அரிசி வருகிற வெள்ளைப் பை எல்லார் வீட்டிலும் இருக்கும். அதை உறை மாதிரி வெளியே மாட்டி, இடையில் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ திணித்துவிடுங்கள். அரிசிப் பை வெயிலில் நாலைந்து மாதத்தில் பொடிப் பொடியாக உதிர ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். அந்தத் துகள் மண்ணில் கலந்தால் பொறுக்கி மாளாது.

பைகளை வரிசையாக, எட்ட எட்ட வைத்து அழகு பார்ப்பது இந்த மாதங்களுக்கு ஆகாது. நெருக்கி வையுங்கள். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழட்டும்.

தண்ணீர் விஷயம். காலை ஆறரைக்குள் ஊற்றிவிடுங்கள், அப்போதுதான் மேல்தொட்டித் தண்ணீர் ஆறியிருக்கும். மாலையில் ஊற்றுவதானால், தளத்தில் கிடக்கும் ரப்பர் குழாயில் நிற்கிற தண்ணீரை முதலில் ஒரு வாளியில் பிடித்து ஆற வையுங்கள். அது கொதிக்கும். இன்னொன்று, தேங்காய்நார்த் தூள் நனைந்திருக்கும் வரை நல்ல பிள்ளை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது பையின் ஓரமாக வழிந்து அடித்துளை வழியாக ஓடிவிடும், நாமும் ஊற்றிவிட்டோம் என்று இறங்கி வந்துவிடுவோம். விரலை நடுவேர் பக்கம் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். உள்ளே வறண்டிருந்தால் ஒரு அகலத் தொட்டியில் தண்ணீர் நிரப்பிப் பையை அதில் அரைமணி நேரம் உட்கார வைக்க வேண்டும். கீழிருந்து ஏறட்டும். அப்புறம் கலவையில் செம்மண்ணைக் கூட்டுங்கள், பாதிக்குப் பாதி. பை கவிழ்வதும் நிற்கும்.

மண்ணின் மேல் மூடாக்கு, அதாவது ஈரம் காக்கிற காய்ந்த சருகுப் போர்வை, இல்லாமல் இந்த வெயிலில் ஒரு பை கூட இருக்கக் கூடாது. நான் கரும்புச் சாறு கடையில் சக்கை வாங்கி வருவேன். நல்ல வெயிலில் சருகாகக் காய்ந்த பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் எறும்புக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

மதியம் வாடிய செடி சாயங்காலம் ஐந்தரைக்குத் தானாக நிமிர்ந்தால் அதற்குத் தாகம் இல்லை, சும்மா விடுங்கள். மதியம் பயந்துபோய் ஊற்றி ஊற்றியே வேரை அழுக வைப்பவர்கள் அதிகம். காலையிலேயே வாடி நின்றால்தான் கவலை.

இனி, எதை வைப்பது. தக்காளியை எடுத்துவிடுங்கள் தம்பி. இரவு வெப்பம் 24, 25 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குக் காய் பிடிப்பது குறைந்துவிடும், மகரந்தம் வீணாகிறது. சென்னையில் மே மாத இரவு 25 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். உரம் போட்டாலும் மோர்க்கரைசல் தெளித்தாலும் பூ உதிரும். பற்றாததற்கு வெள்ளை ஈ வந்து இலைச்சுருட்டு நோயையும் கொடுத்துவிட்டுப் போகும். கொத்தமல்லிக்கும் இது காலமில்லை. மார்கழியில் போடுங்கள், கட்டு கட்டாக வரும்.

கத்தரியையும் மிளகாயையும் பிடுங்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, ஒரு பிடி மண்புழு உரம் வைத்து விட்டுவிடுங்கள். முதல் மழை விழுந்ததும் துளிர்த்துக் காய்க்கும். வெண்டை தாங்கும், குச்சி மட்டும் கொடுங்கள். கட்டுவதற்குப் பழைய பருத்திப் புடவையைக் கிழித்த நாடா நல்லது, எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியும் நைலான் கயிறும் காற்றில் தண்டை அறுத்துவிடும்.

காற்றுக்கு அசராத செடி என்றால் கொத்தவரைதான். விறைப்பாக நிற்கும், வெயில் அதற்குச் சாப்பாடு, தண்ணீர் குறைந்தாலும் முணுமுணுக்காது. மேற்கு முதல் வரிசை முழுக்கக் கொத்தவரை போடுங்கள், பின்னால் இருப்பவற்றுக்கு அதுவே ஒரு வேலி. அடுத்த வரிசையில் வெண்டையும் காராமணியும். கைப்பிடிச் சுவரின் காலடியில் தண்டுக்கீரை, சிறுகீரை. 25 நாளில் கீரை பறிக்கலாம். வெண்டை விதைத்து 45 நாளில் முதல் காய். மனைவியிடம் கீரையைக் கொண்டுபோய்க் கொடுங்கள், மூடிவைக்கிற பேச்சு நிற்கும்.

கொடிக்காய் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஐந்தாம் மாடியில் தலைக்கு மேல் பந்தல் வேண்டாம். பாகலைச் சுவரோரம் தாழ்வாக வலையில் படரவிடுங்கள், இலை சின்னது, காற்றுக்கு வழி விடும். சுரைக்கு இலையே முறம் அளவு. கிழிந்து தொங்கும்.


கம்பியும் சிமென்ட்டும், பெரம்பூர்:

திருவொற்றியூர் அம்மா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் நான் குறுக்கே வர வேண்டியிருக்கிறது. நான் கட்டடப் பொறியாளர். செம்மண்ணைப் பாதிக்குப் பாதி கூட்டச் சொல்வதற்கு முன் எடையைப் பாருங்கள்.

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள வட்டப் பையைப் பத்து அங்குலத்துக்கு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் கலவை பிடிக்கும். செம்மண் தூக்கலான கலவை நனைந்திருக்கும்போது லிட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். ஒரு பை 27இலிருந்து 30 கிலோ. ஒரு சதுர மீட்டரில் நெருக்கி வைத்தால் ஒன்பது பை, அதாவது 250 கிலோ சொச்சம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், சுமார் 150 கிலோ. தளம் உடனே இடிந்துவிடாது, அதற்குள் பாதுகாப்பு அளவு வைத்துத்தான் கட்டியிருப்பார்கள். ஆனால் வருடக்கணக்கில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் சுமைக்கு அதை நம்பி இறங்கக் கூடாது.

நெருக்கி வைப்பதானால் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரே வரிசை, அல்லது இரண்டு வரிசை. அங்கே கீழே பெரும்பாலும் உத்தரமோ சுவரோ இருக்கும், எடை நேராக இறங்கிவிடும். தளத்தின் நடுவில் கும்பலாக வைக்காதீர்கள். பால்கனியில் வைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வெளி நுனியில் கனத்தை ஏற்றாதீர்கள், வீட்டுச் சுவர் பக்கம் வையுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் மரவிட்டம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் இருப்பவர்கள் ஒரு பொறியாளரைக் கூட்டி வந்து காட்டாமல் எதையும் ஏற்ற வேண்டாம்.

பை நேராகத் தளத்தில் உட்கார வேண்டாம். இரண்டு செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் தேங்காது, தளத்தில் பதித்த தட்டோடும் பெயராது, கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்குக் கீழே குடித்தனம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம், ஏற்கெனவே ஒரு புகார் வந்திருக்கிறது.


திருவொற்றியூர் மாடி:

பொறியாளர் தம்பி சொல்வது நியாயம். எங்களுடையது இரண்டே மாடி, கனமான பைகள் எல்லாம் கீழ்வீட்டுச் சுவருக்கு நேர் மேலேயே வரிசையாக இருப்பதால் எனக்கு அந்தக் கவலை வரவில்லை. அப்படியானால் இப்படிச் செய்யலாம்: மேற்குச் சுவரை ஒட்டிய முதல் வரிசைக்கு மட்டும் செம்மண் கூடுதல். காற்றை வாங்குவதும் அதுதான், கனம் வேண்டியதும் அதற்குத்தான். உள்வரிசைக்கு நார்த்தூள் கலவையே இருக்கட்டும், ஆனால் பைகளை மூன்று மூன்றாகச் சேர்த்து இடுப்பில் ஒரு கயிறு சுற்றிவிடுங்கள். தனியாக நிற்பதுதான் விழும்.


ஐந்தாம் மாடி, சோழிங்கநல்லூர்:

அம்மாவுக்கும் சாருக்கும் மிக்க நன்றி. இன்று காலை விரலை விட்டுப் பார்த்தேன். மேலே சொட்டச் சொட்ட ஈரம், உள்ளே பஞ்சு மாதிரி உலர்ந்து கிடக்கிறது. எல்லாப் பைகளையும் குழந்தை குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் ஒவ்வொன்றாக உட்கார வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். எங்களுக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். குழாயில் வெள்ளையாகப் பூத்துவிடும். குடிக்க லாரித் தண்ணீர் வாங்குகிறோம், அதைச் செடிக்கு ஊற்றக் கட்டுப்படியாகாது. ஆர்ஓ தண்ணீர்ச் சுத்திகரிப்புக் கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீர் தினமும் நிறைய வீணாகிறது. ஏசி தண்ணீரும் ராத்திரிக்கு ஒரு வாளி சேர்கிறது. எதை ஊற்றலாம்?


பச்சை வலை, மடிப்பாக்கம்:

ஏசி தண்ணீரில் இரும்பும் செம்பும் இருக்கும், செடிக்கு விஷம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.


திருவொற்றியூர் மாடி:

ஏசி தண்ணீர் காற்றிலிருந்து குளிர்ந்து இறங்குகிற ஈரம். கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் மாதிரி, உப்பே கிடையாது. எங்கள் வீட்டில் வெயில் காலம் முழுக்க அதுதான் மிளகாய்க்கு. ஏசியைக் கழுவ மருந்து அடித்துவிட்டுப் போன அன்று மட்டும் பிடிக்காதீர்கள். அந்த வாளியைத் திறந்து வைத்து நாள் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம், கொசு முட்டையிடும். அன்றைக்கன்று ஊற்றிவிடுங்கள்.

ஆர்ஓ கழிவுநீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். உள்ளே போன தண்ணீரிலிருந்த உப்பை வடிகட்டி இன்னும் கெட்டியாக்கிக் கொடுப்பதுதான் அது. தளம் கழுவ, கழிப்பறைக்கு விடுங்கள். கிணற்றுத் தண்ணீரும் ஏசி தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றினால் ஒப்பேற்றலாம். உப்புத் தண்ணீர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துவிட்டு நிறுத்தக் கூடாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு பையிலேயே தங்கும், இலை ஓரக் கருகலில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும் வரை ஊற்ற வேண்டும். மழை பெய்தால் பைகளை நகர்த்தி ஒளித்து வைக்காதீர்கள், நன்றாக நனைந்து கழுவட்டும். நார்த்தூள் கட்டியிலேயே உப்பு இருக்கும், அடுத்த முறை வாங்கும்போது இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிட்டுக் கலந்துகொள்ளுங்கள்.

வெயில் ஏறி, இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படையும் சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். வெண்டைக்கும் கத்தரிக்கும் இந்த வறட்சியில் வரும். குழாயைப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவினாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல். வெயில் சாய்ந்த பிறகு மட்டும் அடியுங்கள், பகலில் அடித்தால் இலை பொசுங்கும்.


சாயங்காலப் பூ, கொளத்தூர்:

பாகல் போடப் போகிறவருக்கு ஒரு வார்த்தை. காற்று ஓயாத மாடியில் தேனீ வருவது குறைவு. பாகல் பூ காலையில் விரியும், வேலைக்குக் கிளம்பும் முன் ஆண்பூவைக் கிள்ளிப் பெண்பூவில் தடவிவிடலாம். பிஞ்சு மாதிரி அடியில் புடைப்பு இருப்பது பெண்பூ. பீர்க்கன், சுரை, புடலை மூன்றும் சாயங்காலத்துக்கு மேல் பூப்பவை, அலுவலகம் விட்டு வருகிறவர்களுக்கு அவைதான் வசதி. அம்மா சுரை வேண்டாம் என்றார்கள், பீர்க்கனைக் கிழக்குப் பக்கம் முயன்று பாருங்கள்.


ஐந்தாம் மாடி, சோழிங்கநல்லூர்:

கொம்பும் பெயின்ட் வாளியும் சொல்லி வைத்தாகிவிட்டது. தக்காளியை மறுபடி எப்போது ஆரம்பிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள் அம்மா.


திருவொற்றியூர் மாடி:

ஐப்பசிக் கடைசியில் நாற்று விடுங்கள், மழை நேரடியாக விழாத இடத்தில், ஜன்னலோரம் இருந்தால் நல்லது. கார்த்திகை பாதிக்கு மேல், அடைமழை ஓய்ந்ததும் பைக்கு மாற்றுங்கள். தையிலிருந்து பங்குனி வரை காய்க்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவசரப்பட்டு முன்பே மாற்றி வைத்தவர்கள் நாற்று அத்தனையும் அழுகிப் போயிற்று, அதனால் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டே மாற்றுங்கள். அதற்குள் பைகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தவரை விதையை இந்த வாரமே போட்டுவிடலாம். ஆறு மணி நேரம் ஊற வைத்தால் போதும், ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம், இந்த வெக்கையில் புளித்துவிடும்.